குட்டகக் கணிதம்: ஒரு வரலாற்று நோக்கு

மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்திலே மாசிமகத்தன்று ஐந்து தேர்கள் வீதிவலம் வருதல் ஈழத்துச் சைவ மக்கள் நன்கறிந்த காட்சி. ஞாயிறு கும்பராசியில் நிற்கும் திங்களிற் சந்திரன் மக நட்சத்திரத்தைச் சேரும் நாளே மாசிமகமாகும். அந்நாள் எதுவென வானத்தை நோக்கி அறிவார் இன்று அரியர். பஞ்சாங்கத்தைப் புரட்டியே யாவரும் அறிகின்றோம். அப்பஞ்சாங்கக் கணிதத்தின் அடிப்படைகளுள் ஒன்று, நம் மாணாக்கர் இடைநிலை வகுப்புகளிற் பயிலும் ஏகபரிமாணச் சமன்பாட்டின் உடன்பிறப்பு என்று கூறின் வியப்பாரும் உளர். அக்கணிதம் தோன்றி வளர்ந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

வினாவின் இயல்பு

இரு தெரியாக் கணியங்களை அறிதற்கு இரு சமன்பாடுகள் வேண்டும் என்பது பள்ளியிற் கற்பிக்கப்படும் விதி. ஒரு சமன்பாடு மட்டும் தரப்படின், “தரவு போதாது” என்று எழுதிவிட்டு மாணாக்கர் அடுத்த வினாவிற்குச் செல்வர். இவ்விதி பொதுவாகச் சரியானதே. ஒரே சமன்பாடு வரைபிலே ஒரு நேர்கோடாகும். அக்கோட்டிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு விடையாம். ஆகவே விடைகளுக்கு முடிவில்லை.

ஆயின், உலக வாழ்விலே தோன்றும் வினாக்கள் பல முழுவெண்களையே விடையாக ஏற்பவை. மாத்தளைக் கடைத்தெரு வணிகர் ஒருவர் மிளகை 12 கிலோ நிறையுள்ள பொதிகளாகவும், கராம்பை 7 கிலோ நிறையுள்ள பொதிகளாகவும் கட்டி, மொத்தம் 150 கிலோ அனுப்பினார் எனக் கொள்வோம். பொதிகள் எத்தனை? பண்டைய பாரத கணித நூலார் தெரியாக் கணியங்களை ‘யாவத்தாவத்’, ‘காலகம்’, ‘நீலகம்’ எனப் பெயரிட்டு, அவற்றின் முதலெழுத்துகளாகிய யா, கா, நீ என்பவற்றாற் குறித்தனர். அம்மரபையே பின்பற்றி எழுதுவோமாயின்,

12யா + 7கா = 150

என்று ஆகும். அரைப் பொதி, காற் பொதி என்பன இங்கு இல்லை. எனவே கோட்டின்மேலுள்ள எண்ணற்ற புள்ளிகளுள் இரண்டே எஞ்சுகின்றன: மிளகு 2 பொதி, கராம்பு 18 பொதி, அல்லது மிளகு 9 பொதி, கராம்பு 6 பொதி. விடை முழுவெண்ணாதல் வேண்டும் என்னும் நிபந்தனை, இல்லாத இரண்டாஞ் சமன்பாட்டின் பணியிற் பெரும்பகுதியைச் செய்துவிடுகின்றது. இவ்வுண்மையை உணர்ந்து, ஊகித்தும் ஒவ்வோர் எண்ணாய்ச் சோதித்தும் அலையாமல், எத்துணைப் பெரிய எண்களுக்கும் பொருந்தும் நெறியை வகுத்தலே வினாவின் சாரம்.

ஆரியபட்டர்

அத்தகைய பொதுநெறியைத் தந்த நூல்களுள் இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையது ஆரியபட்டீயம். கலியுகத்தில் 3600 ஆண்டுகள் கழிந்தபொழுது தமக்கு வயது 23 என்று ஆசிரியரே நூலினுட் கூறுகின்றார். அதனால் அவர் கி.பி. 476இற் பிறந்தார் என்பதும், அவர் குறித்த காலம் கி.பி. 499 என்பதும் பெறப்படும். நூலின் இரண்டாம் பகுதியாகிய கணிதபாதம் 33 சுலோகங்களை உடையது. அவற்றுள் இறுதி இரண்டுமே நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கூறுவன.

ஆரியபட்டர் வினாவை எழுப்பும் முறை வேறு. ஓர் எண்ணை ஒரு வகுத்தியால் வகுக்க ஒரு மீதி வருகின்றது; அதே எண்ணைப் பிறிதொரு வகுத்தியால் வகுக்க வேறொரு மீதி வருகின்றது; அவ்வெண் யாது? இரு ஈவுகளையும் தெரியாக் கணியங்களாகக் கொள்ளின் இஃது ஒரே சமன்பாடாகிவிடும் என்பது தெளிவு.

சுலோகங்கள் இரண்டும் மிகச் சுருங்கியவை, உரையின்றி விளங்கா. அவ்வுரையை கி.பி. 629இல் எழுதியவர் முதலாம் பாஸ்கரர். எடுத்துக்காட்டுகள் பலவற்றை அவர் தந்துள்ளார். அவற்றுள் ஒன்று: 8ஆல் வகுக்க 5உம், 9ஆல் வகுக்க 4உம், 7ஆல் வகுக்க 1உம் மீதியாக வரும் எண் எது? முதலிரு நிபந்தனைகளுக்கும் பொருந்தும் மிகச்சிறிய எண் 13. அதனோடு 72ஐ எத்தனை முறை கூட்டினும் அவ்விரு நிபந்தனைகளும் கெடா. ஒருமுறை கூட்ட 85 ஆகும். அதனை 7ஆல் வகுக்க 1 எஞ்சுகின்றது. ஆகவே விடை 85.

இக்கணிதத்திற்குக் குட்டகம் அல்லது குட்டாகாரம் என்னும் பெயர் வழங்கலாயிற்று. இடித்துப் பொடியாக்குதல் என்பது அச்சொல்லின் பொருள். உரலில் இட்ட தானியம் உலக்கையின் ஒவ்வோர் இடிக்கும் சிறிதாவது போல, பெரிய குணகங்கள் படிப்படியாகச் சிறுத்துப்போதலின் இப்பெயர் பொருந்துவதாயிற்று. முதலாம் பாஸ்கரரின் காலத்தவராகிய பிரமகுப்தர் கி.பி. 628இல் இயற்றிய பிராமஸ்புட சித்தாந்தத்தில் 18ஆம் அத்தியாயத்திற்குக் குட்டகம் என்றே பெயரிட்டார். அவ்வத்தியாயம் இவ்வொரு முறையை மட்டும் கூறுவதன்று; அட்சரகணிதம் முழுவதுமே அதில் அடங்கியுள்ளது. ஒரு கிளையின் பெயர் மரத்திற்கே பெயராய் நின்றமையின், அக்காலத்தார் இம்முறையை எவ்வளவு உயர்வாக மதித்தனர் என்பது புலனாகும்.

முறையின் விளக்கம்

கி.பி. 1114இற் பிறந்த இரண்டாம் பாஸ்கரர் 1150இல் இயற்றிய லீலாவதியில் வரும் ஒரு கணக்கைக் கொண்டு முறையை விளக்குவாம். 221ஐ எவ்வெண்ணாற் பெருக்கி, 65ஐக் கூட்டினால், 195ஆல் மீதியின்றி வகுபடும்?

221யா + 65 = 195கா

முதற்படி, பொதுக் காரணியை நீக்குதல். 221, 195 ஆகிய இரண்டிற்கும் 13 பொதுக் காரணி. 65உம் 13ஆல் வகுபடும். நீக்கியபின், 17யா + 5 = 15கா என்றாகும். குணகங்களின் பொதுக் காரணியாற் கூட்டெண் வகுபடாதாயின், வினாவே பிழையானது என்று பாஸ்கரர் கூறுகின்றார். விடை உண்டா என்பதனை முன்னரே துணிந்து, இல்லாத வினாவை விலக்குதல் கணித அறிவின் முதிர்ச்சியைக் காட்டுவதாகும்.

இரண்டாம் படி, ஒன்றையொன்றால் வகுத்தல். 17ஐ 15ஆல் வகுக்க ஈவு 1, மீதி 2. 15ஐ 2ஆல் வகுக்க ஈவு 7, மீதி 1. இவ்வீவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அவற்றின்கீழ்க் கூட்டெண் 5ஐயும், அதன்கீழ்ச் சுழியத்தையும் இடுக. 1, 7, 5, 0 என நிற்கும் இந்நிரலுக்கு வல்லி, அஃதாவது கொடி, என்று பெயர்.

மூன்றாம் படி, கொடியைக் கீழிருந்து மேலாகச் சுருட்டுதல். இறுதியெண்ணுக்கு மேலுள்ளதை அதற்கும் மேலுள்ளதாற் பெருக்கி, இறுதியெண்ணைக் கூட்டுக: 7 × 5 + 0 = 35. பின்னர் 1 × 35 + 5 = 40. ஆகவே கா = 40, யா = 35. முன்னதிலிருந்து 17ஐயும் பின்னதிலிருந்து 15ஐயும் ஒரே அளவு முறை கழிக்கலாம். இருமுறை கழிக்க, கா = 6, யா = 5 என்னும் மிகச்சிறிய விடை கிடைக்கும். சோதிக்க: 221 × 5 + 65 = 1170; 195 × 6 = 1170.

ஈவுகளின் தொகை இரட்டையாக உள்ளவிடத்து இவ்வாறு நேரே முடியும். ஒற்றையாயின் கிடைத்த எண்களை முறையே 17, 15 போன்ற அவ்வவ்வெண்களிலிருந்து கழித்துக் கொள்க என்பது விதி.

இம்முறை ஏன் பலிக்கின்றது? சமன்பாட்டை, கா = யா + (2யா + 5)/15 என எழுதலாம். பின்னத்தை நீ என்க. அப்போது யா = 7நீ + (நீ − 5)/2 ஆகும். 17உம் 15உம் இருந்த இடத்திலே இப்போது 2உம் 1உமே உள்ளன. நீ = 5 எனக் கொள்ளின் இறுதிப் பின்னம் மறைந்து, யா = 35, கா = 40 எனத் தாமே வரும். கொடியிலுள்ள 1, 7 என்னும் ஈவுகள் இச்சமன்பாடுகளிற் குணகங்களாய் நிற்றலைக் காண்க. சூத்திரத்தை மனப்பாடஞ் செய்தவர்க்கு இது மாயமாகத் தோன்றும். காரணம் அறிந்தார்க்கோ மிக எளிது.

வானநூலில் அதன் பயன்

ஆரியபட்டர் இதனைப் பொழுதுபோக்கிற்காக வகுத்தாரல்லர். ஒரு மகாயுகத்தில் ஞாயிறு 43,20,000 சுற்றுகள் சுற்றும் என்பதும், அக்காலத்தில் 157,79,17,500 நாள்கள் உள என்பதும் அவர் கொண்ட அளவுகள். இரண்டையும் 7500ஆல் வகுக்க, 2,10,389 நாள்களில் 576 சுற்றுகள் என்றாகும். கழிந்த நாள்கள் யா எனவும், நிறைந்த சுற்றுகள் கா எனவும் கொள்ளின், 576யா − 2,10,389கா என்பது நிறையாத சுற்றின் எச்சத்தைத் தரும். எச்சம் மட்டுமே தெரிந்தவிடத்துக் கழிந்த நாள்களையும் சுற்றுகளையும் காணுதல் குட்டக வினாவாகும். இத்தகைய பெரிய எண்களை ஒவ்வொன்றாய்ச் சோதித்து விடை காணல் இயலாது என்பது வெளிப்படை.

தமிழ்நாட்டாருக்கு இன்னும் அணுக்கமானது சந்திர வாக்கியம். சந்திரன் நாள்தோறும் ஒரே கதியிற் செல்வதில்லை. ஒருகால் விரைந்தும் ஒருகால் தாழ்ந்தும் செல்லும். அவ்வேறுபாடு மீண்டும் தொடங்கிய நிலைக்கு வர ஏறத்தாழ 27½ நாள்கள் ஆகும். ஆரியபட்டர் அளவின்படி, ஒரு மகாயுகத்தில் சந்திரனின் சுற்றுகள் 5,77,53,336; அதன் உச்சத்தின் சுற்றுகள் 4,88,219. இவற்றின் வேறுபாடு 5,72,65,117. மகாயுக நாள்களை இவ்வெண்ணால் வகுத்து, குட்டகத்திற் செய்வது போலவே மீதிகளை மாறி மாறி வகுத்துச் செல்லின், 27, 1, 1, 4, 12 என ஈவுகள் வரும். இவ்வீவுக் கொடியிலிருந்து தோராயங்களை அமைத்தால், நான்காவது படியில் 9 சுற்றுக்கு 248 நாள் என்பதும், ஐந்தாவது படியில் 110 சுற்றுக்கு 3031 நாள் என்பதும் கிடைக்கின்றன. முன்னதில் வரும் பிழை 248 நாள்களுக்கு ஏறத்தாழ 12 நிமிடம். பின்னதில் 3031 நாள்களுக்கு ஏறத்தாழ 9 நிமிடம்.

இவ்விரு எண்களும் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் நாவிற் பன்னூறாண்டுகள் பயின்றவை. வரருசி இயற்றியதாக மரபு கூறும் சந்திர வாக்கியங்கள் 248. ஒவ்வொரு வாக்கியமும் ஒரு நாளுக்குரிய சந்திரனின் நிலையைச் சொல்லும். எழுத்துகளை எண்களாகக் கொள்ளும் கடபயாதி முறையில் ‘தேவரம்’ என்பது 248. ‘கலாநிலம்’ என்பது 3031. ‘ரசகெரிகம்’ என்பது 12,372. இறுதி எண் 3031இன் நான்கு மடங்கும் 248உம் சேர்ந்தது; 449 சுற்றுகளுக்கு உரியது. கணிப்போன், குறித்த தொடக்க நாளிலிருந்து கழிந்த நாள்களில் 12,372ஐயும், பின் 3031ஐயும், பின் 248ஐயும் இயன்ற அளவு கழிப்பான். எஞ்சும் எண் எந்த வாக்கியத்தைக் கூறவேண்டும் என்பதனைக் காட்டும்.

இதன் ஆற்றலுக்குச் சான்று பகர்ந்தவர் யோன் வாரன் என்பார். 1825இற் சென்னையில் வெளியான காலசங்கலிதம் என்னும் தம் நூலிலே, தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர், நிலத்தில் சோகிகளை வைத்தும் மனப்பாடமாயிருந்த வாக்கியங்களைக் கூறியும், அவ்வாண்டு மே 31, யூன் 1ஆம் நாள்களுக்கிடையே நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்தமையை விவரித்துள்ளார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை நேர்ந்தது. இச்செய்தியை ஆராய்ந்து, வானநூல் வரலாற்றறிஞர் நொய்கெபவர் 1952இல் தமிழ் வானியல் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார்.

பிற நாடுகளும் பிற்காலமும்

நம் முன்னோரே யாவும் கண்டனர் எனக் கூறுதல் வரலாற்று நெறியன்று. இரு எண்களை மாறி மாறி வகுத்துப் பொதுக் காரணிகளுட் பெரியதைக் காணும் முறையை, கி.மு. 300 அளவில் வாழ்ந்த யூக்கிளிட் தம் மூலகங்கள் என்னும் நூலின் ஏழாம் பகுதியில் தந்துள்ளார். சீன நாட்டுச் சுன் சு என்பார் பெயரால் வழங்கும் நூலில், 3ஆல் வகுக்க 2உம், 5ஆல் வகுக்க 3உம், 7ஆல் வகுக்க 2உம் எஞ்சும் எண் கேட்கப்பட்டு, 23 என விடையும் கூறப்பட்டுள்ளது. அவ்வகை வினாக்களுக்குச் சீனர் பொதுநெறி கண்டதை 1247இல் சின் சியுஷாவோ எழுதிய நூல் காட்டுகின்றது.

ஆயினும் பெயர் வழக்கில் ஒரு முரண்பாடு உண்டு. முழுவெண் விடை வேண்டும் இச்சமன்பாடுகளை மேலைநாட்டார் அலெக்சாந்திரியா நகரத்து டயோபாந்தசின் பெயரால் அழைப்பர். அவரோ பின்னங்களையும் விடையாக ஏற்றவர். பின்னம் தகுமெனின், ஒரு கணியத்திற்கு விரும்பிய பெறுமானத்தை இட்டு மற்றதை உடனே காணலாம். ஏகபரிமாணச் சமன்பாட்டில் வினாவே எழாது. முழுவெண் என்னும் கட்டுப்பாட்டை விதித்து அவ்வினாவை முற்றத் தீர்த்தவர் ஆரியபட்டர். ஐரோப்பாவில் அதனைத் தீர்த்து வெளியிட்டவர் பிரான்சு நாட்டுப் பாஷே, ஆண்டு 1624. ஆரியபட்டர் காலத்திற்கும் அதற்கும் இடையே 1125 ஆண்டுகள் உள. பாஷே பாரத நூல்களைக் கண்டார் என்பதற்குச் சான்றில்லை. தாமே கண்டார் எனக் கொள்ளலே முறை. பின்னர் ஒயிலரும் இலகிராஞ்சியும் தொடர் பின்னங்களின் வாயிலாக அதனை விரித்தனர். 1817இல் கோல்புரூக் லீலாவதியையும் பீஜகணிதத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபின்னரே, குட்டகம் ஐரோப்பியக் கணிதரிடையே பரவலாக அறியப்பட்டது.

தென்னாட்டின் பங்கும் சிறிதன்று. இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், கி.பி. 850 அளவில், மகாவீரர் இயற்றிய கணிதசார சங்கிரகம் குட்டகத்தை விரிவாகக் கூறும்; அதனை இரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இற் சென்னையிற் பதிப்பித்தார். கி.பி. 1191இற் பிறந்து ஆரியபட்டீயத்திற்கு உரை கண்ட சூரியதேவ யஜ்வா, கங்கைகொண்ட சோழபுரத்தவர் என்று அறிஞர் கொள்வர். தேவராசர் என்பார் குட்டாகார சிரோமணி என இப்பொருளுக்கே தனிநூல் செய்தார்.

இக்கணிதம் பழம்பொருளாய் ஒதுங்கிவிடவுமில்லை. 1977இல் றிவெஸ்ற், சமீர், ஏடில்மன் என்னும் மூவர் வகுத்த மறைகுறி முறை இணையவழிச் செய்திகளைக் காக்கும் முறைகளுள் ஒன்று. அதற்குரிய இரகசியத் திறவுகோலைக் காண்பதற்கு, 17யா − 3120கா = 1 போன்ற சமன்பாட்டை, மிக மிகப் பெரிய எண்களைக் கொண்டு தீர்த்தல் வேண்டும். இச்சிறு எடுத்துக்காட்டில் யா = 2753, கா = 15. கணினி கையாளும் வழி ஒன்றையொன்றால் வகுத்துக் கொடியைச் சுருட்டும் அப்பழைய வழியின் வடிவமே.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து கற்கத்தக்கன இரண்டு. முதலாவது, விதியைக் காப்பதோடு காரணத்தையும் காக்கவேண்டும் என்பது. வாக்கியங்கள் பிழையின்றி ஓதப்பட்டு வந்தன. ஆயின் 248 என்னும் எண் எவ்வாறு வந்தது என்பதை உரைநூல் கற்ற சிலரே அறிந்திருந்தனர். காரணம் அறிந்தாரே அளவுகளைத் திருத்த வல்லவர். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் ஒரே திதியின் முடிவை வேறு வேறு நேரங்களிற் கூற, ஒரே விரதத்தைச் சிலர் ஒரு நாளும் சிலர் மறுநாளும் நோற்கும் நிலை நம்மிடையே நேர்கின்றது. பழைய அளவுகளைத் திருத்தாது ஓதுதலே அவ்வேறுபாட்டிற்கு முதற்காரணம். ஆரியபட்டீய மரபினர் காலந்தோறும் திருத்தம் செய்தவர்கள். திருத்துதல் மரபை மீறுதலாகாது.

வாய்மொழியாய் வந்த கல்வி எழுத்திலும் நிலைபெறவேண்டும் என்பதற்கு நம் மாவட்டமே சான்று. மனப்பாடமாகவே ஓதப்பட்டு வந்த பாளி மறைநூல்கள் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்டது மாத்தளைக்கு அணித்தாயுள்ள அலுவிகாரையிலன்றோ? பஞ்சம், போர் முதலியவற்றால் ஓதுவார் மறையின் நூலும் மறையும் என்று அத்துறவிகள் அஞ்சினர். கணித மரபுக்கும் அவ்வச்சம் பொருந்தும்.

இரண்டாவது, வகுப்பறையைப் பற்றியது. “தரவு போதாது” என்று மாணாக்கன் எழுதுமிடத்து, விடைகள் முழுவெண்களாயின் எவ்வாறு என்று ஆசிரியர் ஒரு கேள்வி கேட்பாராயின், அவன் அவ்வினாவை மீண்டும் நோக்குவான். அதற்கு வேண்டுவன வகுத்தலும் பெருக்கலும் மட்டுமே. எட்டாம் வகுப்பு மாணாக்கனும் அவற்றை அறிவான். குட்டகத்தைப் பாடத்திட்டம் பணித்தாலன்றிக் கற்பித்தலாகாது என்னும் விதி எங்குமில்லை. கணித மன்றங்களிலும் ஓய்வுப் பாடவேளைகளிலும் இக்கணக்குகளிற் சில இடம்பெறுமாயின், தேர்வு எழுதுதற்கு மட்டுமே கணிதம் என்று எண்ணும் பிள்ளைகளுட் சிலரேனும் காரணம் தேடும் பழக்கத்தைப் பெறுவர்.